சக்தியை அளக்க வந்த அக்கா

பெரியம்மா மகள் ஆராய்ச்சிக்கென்று எங்கள் தேயிலைத் தோட்டத்துக்கு வந்தபோது கையில் குளிர் காக்கும் ஒரு வெள்ளை ரெஜிபோம் பெட்டி இருந்தது. இறம்பொடையில் அவள் பஸ்ஸைவிட்டு இறங்கியதும் அதை வாங்கக் கை நீட்டினேன். தரவில்லை. உள்ளே பனிக்கட்டியும் வெற்றுக் குப்பிகளும்தான். எங்கள் லயத்து வரிசை வீடுகளில் பிறந்து உயிர் இரசாயனத்தில் கலாநிதிப் பட்டம் வரை போன முதல் ஆள் அவள். உடம்பின் உயிரணுக்களுக்குள் இருந்து சக்தியை ஆக்கித்தரும் இழைமணிகளைப் பற்றித்தான் படிப்பெல்லாம். காலமெல்லாம் மலையேறிக் கொழுந்தெடுக்கும் பெண்களின் இழைமணிகள் எப்படிக் களைத்துப்போகின்றன என்று அவர்களின் இரத்தத்திலிருந்து அறிய வந்திருந்தாள்.

பெண்கள் பிடிகொடுக்கவில்லை. "தெம்பு எவ்வளவுன்னு பாத்து நாளைக்கு இத்தனன்னு எடுக்கிற கொழுந்துக் கிலோவக் கூட்டத்தான்" என்று குழாயடியில் பேசிக்கொண்டார்கள். அம்மா நேராகவே கேட்டாள்:

"நீ நல்லவதான்டி. ஒன்ன அனுப்புனது யாரு?"

"எங்க கெம்பஸ்தான் சித்தி."

"அவுங்களுக்குச் சல்லி குடுக்கிறது?"

அக்கா தயங்கினாள். "தோட்டத்துக் கம்பனி."

அம்மா எழுந்து அடுப்படிக்குப் போனாள்.

அப்படியும் அக்காவின் முகத்துக்காகச் சிலர் இரத்தம் கொடுத்தார்கள். பிறகு தோட்டத்துத் தொரை கூப்பிட்டனுப்பினார். நானும் கூடப் போனேன். தேநீர் கொடுத்து, குடும்ப நலம் விசாரித்துவிட்டு, எந்தப் பெண்ணுக்கு எவ்வளவு தெம்பு என்று பெயரோடு கிடைத்தால் மலைக்கு ஆள் பிரிக்க வசதியாயிருக்கும் என்றார், சிங்களத்தில், மிக மரியாதையாக. அக்கா தேநீரைத் தொடாமலே எழுந்தாள்.

மறுநாள் காலை ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்களத்தில், பெண்கள் வேலைக்குப் பிரியுமுன், அவர்கள் எதிரே போய் நின்றாள். "எடுத்த ரத்தத்தையெல்லாம் அழிச்சிட்டேங்க. யாரு பேரையும் குடுக்கல. இனி எடுக்கவும் மாட்டேன்." பெண்கள் கூடையை மாட்டிக்கொண்டு மலையேற, அக்கா அன்றே ஊருக்குப் புறப்பட்டாள்.

அடுத்த மாதமே தோட்டத்தில் கிலோவைக் கூட்டினார்கள்; பழி அக்கா மேல் விழுந்தது. பக்கத்துத் தோட்டங்களிலும் கூட்டியதை யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. எனக்கே ஓர் உறுத்தல்: தொரையை அவள் தனியே மறுபடி பார்த்திருப்பாளோ? அம்மாதான் அதைத் தீர்த்தாள்: "குடுத்திருந்தா தொர ஜீப்புல ஏத்தி அனுப்பியிருப்பாரு. மழையில நனைஞ்சிக்கிட்டு பஸ்ஸுக்கில்ல நின்னா."

ஆய்வு நின்றதால் அக்காவுக்குப் பேராசிரியர் பதவி வெகுகாலம் தள்ளிப்போயிற்று. எலிகளின் ஈரலில் இழைமணிகளைத் தேடித்தான் அவள் அந்த இடத்துக்கு வந்தாள். இப்போது பொங்கலுக்கு வந்தாலும் வயதான சில பெண்கள் அவளிடமிருந்து விலகித்தான் நடக்கிறார்கள். அம்மா மட்டும் காய்ப்பேறிய கையை நீட்டி, "இப்பவாச்சும் ரத்தம் எடுத்துக்கடி" என்கிறாள். அக்கா அந்தக் கையைப் பிடித்தபடி உட்கார்ந்திருப்பாளே தவிர, எடுப்பதில்லை.