பொன்மலையில் உலகப் போர்

பாகிஸ்தானோடு சண்டை மூண்ட அந்த செப்டம்பரில் எனக்கு எட்டு வயது. பொன்மலை ரயில்வே குவார்ட்டர்ஸில் வெளிச்சம் வெளியே தெரியாமலிருக்க ஜன்னல் கண்ணாடிகளிலெல்லாம் கறுப்புக் காகிதம் ஒட்டியிருந்தோம். சித்தப்பா தினமும் ஸ்ரீரங்கத்திலிருந்து பஸ் பிடித்து வந்து, எங்கள் வீட்டுக் காபியைக் குடித்துக்கொண்டே எங்களைப் பயமுறுத்துவார்.

"முதல் உலக யுத்தத்தப்போ எங்கேயோ ஒரு ஊர்ல ஒரு இளவரசனைச் சுட்டான். அவனுக்கு இவன் துணை, இவனுக்கு இன்னொருத்தன் துணைன்னு ஒவ்வொருத்தனா இறங்கி, உலகமே பத்திண்டு எரிஞ்சுது. இப்போ சீனாக்காரன் வந்தா அமெரிக்கா வரும், ரஷ்யா வரும். முதல் குண்டு உங்க ஒர்க்‌ஷாப் மேலதான்!"

அப்பா வேலை பார்த்தது அந்த ஒர்க்‌ஷாப்பில். எனக்குச் சோறு இறங்கவில்லை. பால்காரர் மணியடித்தால்கூடச் சந்தேகம்.

பக்கத்து வீட்டு மாமா அப்பாவோடு வேலை பார்த்தவர். கோட்டைப் பக்கத்து முஸ்லிம் குடும்பம். நவராத்திரி தோறும் எங்கள் கொலுவுக்குத் தகரத்தில் ஏதாவது செய்து தருவார். அந்த மாதம் ஷிப்ட் முடிந்ததும் கதவைச் சாத்திக்கொண்டு டொக் டொக்கென்று தட்டிக்கொண்டிருந்தார். கதவிடுக்கில் பார்த்தேன். ஒயர், பாட்டரி, ஒரு சிவப்பு பல்பு.

"பாப்பா, இதெல்லாம் பாக்கக் கூடாது. ஓடு!" என்று சிரித்தார். அந்தச் சிரிப்பும் எனக்குச் சரியாகப் படவில்லை.

மாமா குண்டு செய்கிறார் என்று எதிர்வீட்டுத் தோழியிடம் மட்டும் சொன்னேன், சத்தியம் வாங்கிக்கொண்டு. அவள் தன் அம்மாவிடம் மட்டும் சொன்னாள். மறுநாள் குழாயடியில் பக்கத்து வீட்டு மாமியின் குடத்தை யாரோ நகர்த்தி வைத்தார்கள். நகர்த்தியவளுக்கு அவள் நாத்தனார் துணை, நாத்தனாருக்கு அவள் புருஷன் துணை. மூன்றாம் நாள் எங்கள் வரிசை வீடுகளில் ஒருவரும் அந்த வீட்டோடு பேசவில்லை. நான்காம் நாள் போலீஸ்காரர்கள் இருவர் வந்தார்கள்.

வாசலில் கூடிநின்று பார்த்தோம். போலீஸ்காரர் ஒயரைத் தொட்டதும் தகர ரயில் ஒன்று தரையில் வட்டமடித்தது. குட்டி சிக்னலில் சிவப்பு பல்பு எரிந்தது.

"பக்கத்து வீட்டுப் பாப்பாவோட கொலுவுக்குங்க," என்றார் மாமா. அப்பா தலையைத் தூக்கவேயில்லை.

அந்த வாரமே போர் நிறுத்தம் வந்தது. மாமா ரயிலை எங்கள் வாசற்படியில் வைத்துவிட்டு, வீட்டைக் காலிசெய்து கோட்டைப் பக்கம் போய்விட்டார். கொலுவில் ரயில் அழகாக ஓடியது.

"நல்ல வேளை, உலக யுத்தம் வரலை," என்றார் சித்தப்பா, சுண்டலை மென்றபடி. நானும் நிம்மதியாகக் கைகூப்பினேன். சண்டைதான் நின்றுவிட்டதே, பிறகு எதற்குப் பக்கத்து வீட்டில் பூட்டுத் தொங்குகிறது என்பதுதான் எனக்குப் புரியவில்லை.