ஆயுத பூஜைக்கு மறுநாள் நின்ற வேன்

எங்கள் மாநிலத்துக்குக் கர்நாடகா என்று பெயர் வைத்த புதிதில் நடந்தது. மைசூரில் எங்களிடம், உள்ளேயே படுக்கையும் ஸ்டவ்வும் பொருத்திய பழைய வேன் ஒன்று இருந்தது. ஆயுத பூஜைக்கு மறுநாள் கௌதள்ளியில் நாத்தனார் வீட்டுக்குக் கிளம்பினோம். ரயில்வேயில் இருக்கும் என் கணவருக்கு லீவு கிடைக்கவில்லை. ஓட்டியது நான், கூட வந்தது அவருடைய அண்ணன் குடும்பம்.

நரசிபுரம் தாண்டியதும் இன்ஜின் நின்றது. கால்மணி நேரம் கழித்து ஸ்டார்ட் ஆனது, கொஞ்ச தூரம் போய் மறுபடி நின்றது. அண்ணன் பிளக்கைத் துடைத்தார், கார்புரேட்டரை ஊதினார். மூன்றாவது முறை நின்றதும், "பொம்பளை ஓட்டினா இப்படித்தான். இறங்கும்மா, நான் ஓட்டறேன்" என்றார்.

"இறங்கறேன், ஆனா சாவி என்கிட்டதான் இருக்கும்" என்றேன்.

பெட்ரோல் இருக்கிறதா என்று பார்க்க டேங்க் மூடியைத் திறந்தேன். உஸ்ஸென்று காற்றை உள்ளே இழுத்தது. மூடியில் காற்று போவதற்கென்று இருக்கும் சின்ன ஓட்டையைக் காய்ந்த சந்தனம் அடைத்திருந்தது. காற்று போகாமல் பெட்ரோல் இன்ஜினுக்கு வரவில்லை. முந்தின நாள் பூஜையில் அங்கே பொட்டு வைத்தவள் நானேதான்.

ஊக்கால் ஓட்டையைக் குத்திவிட்டு ஏறி உட்கார்ந்தேன். "தப்பு என்னோடதுதான். பொட்டு வச்சதுல, ஓட்டினதுல இல்ல" என்று அவரிடமே சொன்னேன். அப்புறம் கௌதள்ளி வரை வண்டி நிற்கவில்லை.

இப்போதும் ஆயுத பூஜைக்கு வண்டி முழுக்க நான்தான் பொட்டு வைக்கிறேன், அந்த மூடியை மட்டும் விட்டுவிட்டு. மறுநாள் ஓட்டுவதும் நான்தான். அண்ணன் பின்னால் படுக்கையில் தூங்கிக்கொண்டு வருகிறார்.