பிரிக்காத பொட்டலம்

போன வாரம் பெரியவள் சரித்திரப் புத்தகத்தைச் சத்தமாகப் படித்துக்கொண்டிருந்தாள். பழங்கால நாடுகளில் போருக்குப் போகலாமா, எங்கே கோட்டை கட்டலாம் என்பதையெல்லாம் சாமியிடம் கேட்டுத்தான் முடிவு செய்வார்களாம். சின்னவன் சிரித்தான்.

"கல்லு எப்புடிப்பா பதில் சொல்லும்?"

"சொல்லும்டா. நம்ம வயல விக்கச் சொல்லி நான்தானே எடுத்துக் குடுத்தேன்" என்று பெரியவள் புத்தகத்தை மூடிவிட்டாள்.

அன்றிலிருந்து எனக்கு மனசு சரியில்லை. நான் பத்தாவதோடு நின்றவன், எழுதிப் பழக்கமில்லை. வாயால் சொல்ல வராததால் எழுதுகிறேன். பிள்ளைகளா, இரண்டு பேரும் படியுங்கள்.

பூவம் கிராமத்தில் எனக்கும் என் அண்ணன், உங்கள் பெரியப்பாவுக்கும் பொதுவாக ஒரு வயல் இருந்தது. மனை போடுகிறவர்கள் வந்து கேட்டார்கள். பெரியப்பா விற்கலாம் என்றார், நான் முடியாது என்றேன். பேசிப் பேசி ஓய்ந்து ஒரு நாள் அவரே, "சரிடா தம்பி, நீயும் சொல்ல வேணாம், நானும் சொல்ல வேணாம். அய்யனார்ட்ட பூக்கட்டிப் போட்டுக் கேட்டுருவோம்" என்றார். எனக்கு அவ்வளவு சந்தோஷம். எல்லையைக் காக்கிற சாமி வயலை விற்கச் சொல்லுமா?

பெரியப்பாதான் பொட்டலம் கட்டினார். ஒன்றில் வெள்ளை நந்தியாவட்டை, ஒன்றில் செவ்வரளி என்றார். இரண்டையும் வாழையிலையில் மடித்து நாரால் கட்டிக் கொண்டுவந்தார். வெள்ளை வந்தால் வயல் நமக்கு, சிவப்பு வந்தால் விற்க வேண்டும். சின்னப் பிள்ளை கைதான் எடுக்க வேண்டும் என்பதால், அப்போது மூன்றாவது படித்த பெரியவளைக் கூட்டிப்போனோம். பூசாரி இரண்டையும் குலுக்கி அய்யனார் காலடியில் போட்டார்.

"சாமிய நெனச்சுக்கிட்டு ஒன்ன எடும்மா பாப்பா."

மகளே, நீ ரொம்ப நேரம் யோசித்தாய். உன் கை இதற்கும் அதற்கும் போய்ப் போய் வந்தது. "பரீட்சையா எழுதுற? எடு தாயி" என்று பெரியப்பா சிரித்தார். நீ எடுத்ததைப் பூசாரி பிரித்தார். செவ்வரளி. என் முகத்தைப் பார்த்துத்தான் நீ அழுதாய்.

மற்றதை யாரும் பிரிக்க மாட்டார்கள். பிரித்தால் சாமி வாக்கையே சந்தேகப்பட்ட மாதிரி. அந்த வாரமே பத்திரத்தில் கையெழுத்துப் போட்டேன். மறுநாள் காலை அய்யனாரிடம் சொல்லிவிட்டு வரலாம் என்று போனேன். மண்குதிரையின் காலுக்கடியில் அந்தப் பொட்டலம் ஒதுங்கிக் கிடந்தது. குளத்தில் போட எடுத்தேன். காய்ந்த இலை கையிலேயே நொறுங்கியது. உள்ளே அதுவும் செவ்வரளி.

பெரியப்பா வாசலில் பைக்கைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"அண்ணே, ரெண்டுலயும் செவப்பா கட்டுனீங்க?"

அவர் தலை நிமிரவில்லை. "நான் சொன்னா நீ கேக்க மாட்ட. சாமி சொன்னா கேப்ப. வேற என்னடா பண்றது?"

"சாமிய வச்சா அண்ணே?"

"கோச்சுக்கிட்டா என்னையத்தானே கோச்சுக்கும், ஒனக்கென்ன? உள்ள போ, அண்ணி காப்பி போட்டுருக்கா."

நான் உள்ளே போய் அந்தக் காப்பியைக் குடித்தேன். வயல் போனதுகூட ஆறிவிட்டது, அதைக் குடித்தது இன்னும் ஆறவில்லை. நான் நம்புகிறவன் என்று தெரிந்தே என் நம்பிக்கையை எடுத்து நாரால் கட்டியிருக்கிறார். கண்ணை உருட்டிக்கொண்டு எல்லாவற்றையும் பார்த்திருந்த அய்யனார் மீதும் எனக்குக் கோபம்தான். அந்தக் காலத்து ராஜாக்களுக்கும் சாமியின் பதிலை எடுத்துச் சொல்ல நடுவில் ஒரு மனுஷன் இருந்திருப்பான். அவனைப் பற்றி உன் புத்தகத்தில் ஏதாவது போட்டிருக்கிறதா, பார்.

குடும்பம் உடையக்கூடாது என்று நான் இத்தனை வருஷம் வாயைத் திறக்கவில்லை. வயல் உன் கையால்தான் போனது என்ற பாரத்தை நீ சுமந்திருக்கிறாய். அது எனக்குத் தெரியாது என்று சொன்னால் பொய். அண்ணன் எனக்குச் செய்ததை நான் உனக்குச் செய்துவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை பெரியப்பா வருவார். எப்போதும்போல "வாங்க பெரியப்பா" என்று சொல்வதும் சொல்லாததும் உன் இஷ்டம். ஆனால் நீ எதை எடுத்திருந்தாலும் சிவப்புதான் மகளே.