கன்னியப்பன் சொன்ன கடல்

இன்று மகளோடு டென்மார்க்கிலிருந்து சுவீடனின் ஹெல்சிங்போர்க் துறைமுகத்துக்கு ஃபெர்ரியில் போனேன். கையிலிருந்த காபி தளும்பவே இல்லை. அது ஆறுவதற்குள் கரை வந்துவிட்டது.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

எழுபதுகளில் எங்கள் காஞ்சிபுரம் தெருவிலிருந்து இதே கடலைத் தாண்டி, சுவீடனில் நடந்த கண்காட்சியில் பட்டு நெய்து காட்டப் போனவன் என் சிநேகிதன் கன்னியப்பன்.

"அலை கோபுரம் ஒசரம்பா! பொழைச்சா மொட்டை போடறேன்னு முருகனை வேண்டிக்கினேன்" என்றான் திரும்பி வந்ததும். திருத்தணிக்குப் போய் மொட்டையும் போட்டான்.

மறு வருஷம் கண்காட்சிக்குப் போக வேண்டியது என் முறை.

"புள்ளகுட்டிக்காரன், உனக்கு எதுக்குபா இந்த ஆபத்து?" என்றான். பயந்து விலகினேன். அவனே போனான். திரும்பி வந்து இன்னொரு மொட்டை.

பொய்யை யார் வேண்டுமானாலும் சொல்வார்கள். அதற்காகத் தலைமுடியையே கொடுத்தவனை எப்படிச் சந்தேகப்படுவது, நீங்களே சொல்லுங்கள்?