விட்டமினுக்கு விழுந்த குடையடி

1. மருந்துக்கடையில் அடிதடி.
2. கடைக்காரருக்கு நெற்றியில் இரத்தம்.
3. எனக்கு இதில் சம்பந்தமில்லை.

இன்று காலை லிந்துலை மருந்துக்கடையில் பிரஷர் குளிசை வாங்க நின்றிருந்தேன். எங்கள் தோட்டத்துச் செல்வி, மகளை இழுத்துவந்து, கடைக்காரரைக் குடையால் அடித்தார். கண்ணாடி அலமாரி நொறுங்கியது.

"பருவுக்கு விட்டமின் ஏ குடுத்தியாமே! ஒதடு வெடிச்சு, முடி கொட்டுது, பாருடா!"

"ஒரு நாளைக்கு ஒன்னுதான் போடச் சொன்னேங்கக்கா. நாலு போட்டா நான் என்ன செய்ய?"

அடுத்த அடியில் நெற்றி பிளந்தது. நான் அட்டைப்பெட்டிகளுக்குப் பின்னால் ஒளிந்தேன்.

மகள் குடையைப் பிடித்துக் கத்தினாள்: "அவர விடும்மா! விட்டமின்தானே, நாலு போட்டாலும் ஒன்னும் செய்யாதுன்னு நம்ம மாஸ்டர்தான் சொன்னாரு!"

அந்த மாஸ்டர் நான்தான். சொன்னேன்தான். குனிந்தபடியே வெளியேறிவிட்டேன்.

மூன்றாவது குறிப்பு தவறு. செல்வியிடம் அதை நேரில் சொல்ல வேண்டும். துணைக்கு யாராவது வருவீர்களா?