நடு ஸ்டேஷன் பெஞ்சு

தையல் கடையில் காஜா எடுத்துப் பட்டன் தைக்கிறவளுக்குத் தெருவில் டிக்கெட்டம்மா என்றுதான் பேர். சனி, ஞாயிறு எங்கே கிளம்புவதென்றாலும் ஜனங்கள் முதலில் அவளிடம்தான் வந்து நிற்பார்கள். நேராக எடுத்தால் யானை விலை. நடு ஸ்டேஷன் வரை ஒரு டிக்கெட், அங்கிருந்து இன்னொன்று என்று பிரித்து எடுத்தால் மலிவு. "ரயில் ஒண்ணுதான். நடுவுல இறங்கிடாதீங்க, உட்கார்ந்த இடத்துலயே இருங்க" என்று வாய் வலிக்கச் சொல்லி அனுப்புவாள்.

அவளுக்கும் அக்காவுக்கும் மட்டும் அதைவிட மலிவான வழி ஒன்று இருந்தது. ரயில் பாதையின் இந்தக் கோடியில் இவள், அந்தக் கோடியில் அக்கா. ஆளுக்குப் பாதி தூரம். மாதம் ஒரு சனிக்கிழமை, நடு ஸ்டேஷனில் குழாயடிப் பெஞ்சில் உட்கார்ந்து, புருஷன்மார் தலையை உருட்டிவிட்டு, சாயங்காலம் ஆளுக்கொரு திசையில் ரயிலேறுவார்கள். முதலில் வந்தவள் டீ வாங்கி வைக்க வேண்டும். பிந்தி வந்தவள் திட்டு வாங்க வேண்டும். "கஞ்சத்தனத்துலயும் நான் உனக்கு அக்காடி" என்பாள் மூத்தவள். ஒருத்தி வீட்டுக்கு ஒருத்தி போனதை விரல் விட்டு எண்ணிவிடலாம்.

அந்த அக்காதான் படுக்கையில் விழுந்தாள். வெள்ளிக்கிழமை அக்கா மகள் போன் செய்தாள்.

"டாக்டர் கைய விரிச்சுட்டார் சித்தி. அம்மா உங்களையேதான் கேட்டுக்கிட்டிருக்காங்க. கிளம்பி வந்துடுங்க."

அந்த நேரத்திலும் கை பழக்கத்தை விடவில்லை. இரண்டு டிக்கெட்டாகத்தான் எடுத்தாள். மறுநாள் ரயிலில் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு வழிநெடுக அழுதாள். நடு ஸ்டேஷன் வந்ததும் கால் தானாக இறங்கிவிட்டது. இரண்டு டீ வாங்கி, ஒன்றைப் பெஞ்சில் பக்கத்தில் வைத்த பிறகுதான் உறைத்தது. திரும்பிப் பார்த்தால் கடைசிப் பெட்டி பிளாட்பாரத்தைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தது. ஊருக்கெல்லாம் உபதேசம் செய்தவள் தலையில் அடித்துக்கொண்டாள்.

அடுத்த ரயில் சாயங்காலம்தான். அந்தப் பக்கம் பஸ்ஸும் கிடையாது. மத்தியானம் அக்கா மகளின் போன் வந்தபோது உண்மையைச் சொல்ல நா எழவில்லை. "வந்துக்கிட்டே இருக்கேன் கண்ணு" என்றாள்.

அக்கா வீட்டு வாசலில் குவிந்து கிடந்த செருப்புகளைப் பார்த்ததுமே அவளுக்குப் புரிந்துவிட்டது. அக்கா மகள் ஓடிவந்து கட்டிக்கொண்டாள்.

"மத்தியானம் அம்மாவுக்கு நினைவு தடுமாறிடுச்சு சித்தி. எழுந்திருக்கப் பார்த்தாங்க, செருப்பக் கேட்டாங்க. 'எங்கேம்மா போறே'ன்னு கேட்டேன். 'விடுடி, அவ பெஞ்சுல தனியா உட்கார்ந்திருப்பா, டீ ஆறிடும்'னாங்க. அதான் கடைசியாப் பேசினது. என்னென்னவோ உளறினாங்க சித்தி."

அக்கா உளறவில்லை. அந்த நேரத்தில் இவள் அங்கேதான் உட்கார்ந்திருந்தாள், தனியாக.