வாயைப் பார்த்துக் கேட்கிறவர்கள்

ஆலையின் பின்மதிலுக்கும் ஆற்றுக்கும் நடுவே, எதிரெதிராக ஆறும் ஆறுமாகப் பன்னிரண்டு வீடுகள். அந்தச் சந்துக்குள் முதன்முதலாக நுழைகிறவர்கள் கொஞ்சம் மிரண்டுதான் போவார்கள். வாசலில் நிற்கும் பெண்கள் வாயை அகல அகலத் திறந்து மூடுவார்கள், கையை வீசுவார்கள், திடீரென்று வயிற்றைப் பிடித்துக்கொண்டு குலுங்குவார்கள். சத்தம் மட்டும் வராது. புதிதாக மாற்றலாகி வந்த தபால்காரர் ஒருவர், தெரு மொத்தமும் ஊமை என்று முடிவுகட்டி, வீட்டுக்கு வீடு ஜாடையிலேயே கடிதம் கொடுத்துக்கொண்டிருந்தார். ஒரு வாரம் அவரைத் திருத்தாமல் விட்டு வேடிக்கை பார்த்தார்கள். கொழுப்புக்குக் குறைச்சலே கிடையாது.

ஏழாம் வீட்டில் இருந்தவளைப் பற்றித்தான் சொல்ல வந்தேன். நெசவுக் கூடத்தில் முப்பத்தோரு வருடம் வேலை பார்த்தவள். மற்றவர்கள் இரண்டு தறி, மூன்று தறி என்று திணறிக்கொண்டிருக்க, இவள் ஒண்டியாளாக நாலு ஓட்டினாள். அதனால் ‘நாலுதறி அக்கா’ என்றே பெயர் நின்றுவிட்டது. பெற்றவர்கள் வைத்த பெயர் ரேஷன் கார்டில் பத்திரமாக இருந்தது.

அந்தக் கூடத்தில் நானூறு தறிகள். ஊடுநூலை இழுத்தோடும் நானூறு நாடாவும் பக்கத்துக்குப் பக்கம் மோதிக்கொள்ளும்போது தரை அதிரும், பல் கூசும், பக்கத்தில் நிற்பவள் காதுக்குள் வாயை வைத்துக் கத்தினாலும் ஒரு எழுத்து விழாது. பத்தொன்பது வயதில் முதல் நாள் உள்ளே போனவள், எல்லாரும் எதையோ மென்றுகொண்டிருக்கிறார்கள் என்று நினைத்தாள். மூன்று மாதத்தில் புரிந்துவிட்டது. யார் வீட்டில் பிள்ளை பிறந்தது, யாருடைய மாமியார் கோபித்துக்கொண்டு கிளம்பிப் போனாள், எந்த மேஸ்திரிக்கு இன்று மூக்குமேல் கோபம், எல்லாம் உதட்டிலேயே ஓடிக்கொண்டிருந்தது. புதிதாக வந்த மேஸ்திரி ஒருவரின் முகத்துக்கு நேராகச் சிரித்துக்கொண்டே அவருடைய ஏழு தலைமுறையையும் இழுத்துத் தீர்த்தார்கள். அவரும் நல்ல பெண்கள் என்று சிரித்துவிட்டுப் போனார்.

இதில் ஒரு சங்கடமும் உண்டு. ரகசியம் என்று ஒன்று கிடையாது. நாற்பது அடி தள்ளி நிற்பவளும் படித்துவிடுவாள். ரகசியமாகச் சொல்ல வேண்டுமென்றால் வாயைக் கையால் மறைத்துக்கொள்ள வேண்டும். மறைத்தாலோ, இவள் ஏதோ மறைக்கிறாள் என்று கூடம் முழுக்கத் தெரிந்துபோகும். அதனால் வாயை மறைத்துப் பேசுவது அவர்களிடையே பெரிய அவமரியாதை. அப்படிப் பேசியதற்காக வருடக்கணக்கில் முகம் பார்க்காமல் இருந்த இரண்டு பேர் மூன்றாம் வீட்டிலும் பத்தாம் வீட்டிலும் இருந்தார்கள்.

நாலுதறி அக்காவின் கணவர் அதே கூடத்தில் ஃபிட்டர். பழுதான தறிகளின் வயிற்றுக்குள் தலையை விட்டே பாதி ஆயுளைக் கழித்தவர். கம்பெனி காதுக்கு வைத்துக்கொள்ளக் கொடுத்த பஞ்சை ஸ்பேனர் துடைக்க வைத்துக்கொண்டார். ஆலை மூடுவதற்குள் ஒரு காது போயிற்று. மூடிய பிறகு இன்னொன்றும் போயிற்று. அதற்குப் பிறகும் கொஞ்ச நாள் வாய்விட்டுத்தான் பேசிக்கொண்டிருந்தார். ஒரு துக்க வீட்டில், பக்கத்தில் இருந்தவரிடம் “எப்ப எடுக்கிறாங்க?” என்று மெல்லக் கேட்பதாக நினைத்துக் கேட்டார். அது தெருமுனை வரைக்கும் கேட்டது. எல்லாரும் திரும்பிப் பார்த்த பார்வையில் மனிதர் கூனிக்குறுகிப் போனார். அன்றோடு குரலைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டார், மறுபடி எடுக்கவில்லை.

சந்துக்குள் அவருக்கு ஒரு குறையும் இல்லை. அங்கே யாருக்குத்தான் காது ஒழுங்காக இருந்தது? காலையில் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்தால் எதிர்வரிசையில் ஆறு வாய்களும் அவரிடம் பேசும், இவரும் ஆறு பேருக்கும் பதில் கொடுத்துக்கொண்டிருப்பார். வெளியே போனால்தான் வேறு ஆளாகிவிடுவார். கடைக்காரர் அவர் காதில் கத்துவார், அவர் விழிப்பார், கடைக்காரர் பொறுமையிழந்து இவள் பக்கம் திரும்பி, “அவருக்கு என்ன வேணுமாம்?” என்பார். அவர் ஏதோ அங்கே இல்லாத மாதிரி. அப்படிக் கேட்கும்போதெல்லாம் அவளுக்குப் பற்றிக்கொண்டு வரும். வீட்டுக்கு வரும் வழியில் அவர் அவள் முகத்தைப் பார்க்கமாட்டார்.

ஆலை மூடிப் பன்னிரண்டு வருடம் ஆற்றங்கரை பாழாய்க் கிடந்தது. பிறகு ஒருநாள் ‘ஆற்றங்கரைப் புத்துயிர்த் திட்டம்’ என்று வீட்டைவிடப் பெரிதாக ஒரு பலகை நட்டார்கள். சேறு அள்ளினார்கள், கரையில் கல் பாவினார்கள், விளக்குக் கம்பமும் பெஞ்சும் போட்டார்கள். பாய்லர் வீடு காபிக் கடையாகப் போகிறது என்றார்கள், நெசவுக் கூடம் கண்காட்சி மண்டபமாம். உண்மையைச் சொல்வதானால் அவளுக்கு இதெல்லாம் பிடித்தே இருந்தது. ஆலை ஓடிய காலத்தில் சாயத்துக்கும் நாற்றத்துக்கும் பயந்து, ஆற்றுப் பக்கம் ஒரு ஜன்னல்கூட வைக்காமல் கட்டிய வீடுகள் அவை. அறுபத்திரண்டு வயதில்தான் அவள் முதன்முறையாக அந்த ஆற்றைப் பார்த்து உட்கார்ந்தாள். தண்ணீருக்குத் தண்ணீரின் நிறமே இருந்தது. பக்கத்தில் அவர். அந்தப் பக்கம் மூவாயிரம் பேர் ஷிப்ட் மாறிய ஆலைக் கதவு துருப்பிடித்துச் சாய்ந்திருந்தது. ‘எத்தனை செருப்பு தேஞ்ச வாசல்’ என்று அவர் உதட்டால் சொன்னார்.

பிறகு, வீடுகளையும் இடிக்கப்போகிறோம் என்றார்கள். அதற்கும் யாரும் குதிக்கவில்லை. கூரை ஒழுகிக்கொண்டிருந்தது, சுவர் உப்புப் பூத்து உதிர்ந்துகொண்டிருந்தது. ரயில் பாதைக்கு அந்தப் பக்கம் புதிதாகக் கட்டிய ஒன்பது கட்டடங்களில் வீடு தருகிறோம், வந்து விவரம் கேட்டுக் கையெழுத்துப் போடுங்கள் என்று கூப்பிட்டார்கள். போனார்கள். திட்ட அதிகாரி சின்ன வயதுக்காரர், மரியாதையானவர்தான். எழுந்து நின்று, மைக்கை வாயோடு ஒட்டிப் பிடித்துக்கொண்டு அரைமணி நேரம் பேசினார்.

இங்கேதான் வந்தது வினை. மைக் அவருடைய வாயை மறைத்துவிட்டது. ஒலிபெருக்கி என்னவோ அதிரத்தான் செய்தது. ஆனால் தறிச் சத்தத்தில் தேய்ந்த காதுகளுக்கு அது வெறும் இரைச்சல். இருபத்திரண்டு பேர் உட்கார்ந்திருந்தார்கள், இருபத்திரண்டு பேருக்கும் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. கேட்கவில்லை என்று எழுந்து சொல்ல வெட்கம். ஒவ்வொருவரும் பக்கத்தில் இருப்பவருக்குப் புரிந்திருக்கும், வீட்டுக்குப் போய்க் கேட்டுக்கொள்ளலாம் என்று தலையைத் தலையை ஆட்டினார்கள். வரிசையாகப் போய்க் கையெழுத்துப் போட்டார்கள். அவளும் போட்டாள்.

ஒரு மாதம் கழித்துக் கடிதம் வந்தது. கணினிக் குலுக்கலில் உங்களுக்கு ஒன்பதாம் கட்டடம், நாலாவது மாடி என்றிருந்தது. சரி என்று எதிர்வீட்டில் காட்டினாள். பாவு நூல் பிணைக்கும் வேலை பார்த்த அந்த அம்மாளை எல்லாரும் பாவக்கா என்பார்கள், பாகற்காயாய்க் கசக்கும் குணத்துக்கும் அது பொருந்தும். அவளுக்கு இரண்டாம் கட்டடம். பக்கத்து வீட்டுக்கு ஆறு. மூலை வீட்டுக்கு நாலு. பன்னிரண்டு வீட்டையும் சீட்டுக்கட்டைப் போலக் கலைத்துப் போட்டிருந்தார்கள்.

“அன்னிக்கு அந்த ஆபீசர் குலுக்கல்னு சொன்னாரா? நீ கேட்டியா?” என்றாள் பாவக்காவிடம்.

“நீ கேட்டிருப்பேன்னு இருந்தேன்.”

பன்னிரண்டு வீட்டிலும் இதே பதில். கையெழுத்துப் போட்டாயிற்று, மாற்ற வேண்டுமானால் பதினைந்து நாளுக்குள் மனுக் கொடுக்கலாம் என்று கடிதத்தின் அடியில் எறும்பு ஊர்வதுபோல எழுதியிருந்தது. பேத்தியை விட்டுப் படிக்கச் சொல்லிப் பாவக்காதான் கண்டுபிடித்தாள். பன்னிரண்டு வீட்டையும் ஒன்றாக வைக்கச் சொல்லி மனுக் கொடுத்தார்கள்.

அந்த இரண்டு வாரமும் அவள் சரியாகச் சாப்பிடவில்லை. நாலாவது மாடியில் ஒரு நாற்காலியில் அவர் உட்கார்ந்திருப்பதை நினைத்துப் பார்த்தாள். எதிரே யாரோ ஊர் பேர் தெரியாதவர்கள், கதவைச் சாத்தியே வைத்திருப்பவர்கள். ஒருநாள் முழுக்க அவர் பார்க்கப்போவது தன் ஒருத்தியின் வாயை மட்டும்தான். இவ்வளவு பேரோடு பேசிய மனிதரைக் கொண்டுபோய் ஒரு பெட்டிக்குள் வைத்துப் பூட்டுவதா? அவரிடம் இதைப் பற்றி அவள் பேசவில்லை. அவரும் கேட்கவில்லை. கடிதத்தை மடித்து அலமாரியில் வைத்துவிட்டுச் சும்மா இருந்தார்.

விசாரணையை நெசவுக் கூடத்திலேயே வைத்தார்கள், வேறு இடம் தயாராகவில்லையாம். உள்ளே போனதும் பெண்கள் அத்தனை பேரும் அப்படியே நின்றுவிட்டார்கள். தறி ஒன்றுகூட இல்லை. தரையில் போல்ட் இருந்த ஓட்டைகள் மட்டும் வரிசை வரிசையாக. மேல்கூரைக் கண்ணாடிகளைக் கழுவியிருந்ததால், முப்பத்தோரு வருடத்தில் அவள் பார்த்திராத வெளிச்சம் உள்ளே விழுந்துகொண்டிருந்தது. நாற்காலிகளை விட்டுவிட்டு ஒவ்வொருத்தியும் அவரவர் தறி இருந்த இடத்தைத் தேடிப் போய் நின்றாள். இவளும் தன்னுடைய நாலு மூலைக்கும் நடந்து பார்த்தாள். இந்த இடத்தில்தான் தன் இளமை மொத்தமும் நின்றபடியே போயிற்று என்று நினைத்துக்கொண்டாள். அதில் வருத்தம் இல்லை. திரும்பவும் ஒரு நாள், ஒரே ஒரு ஷிப்ட் கிடைத்தால் போதும் என்றிருந்தது.

எல்லாரும் திரும்பி வந்து உட்கார்ந்ததும் அதிகாரி மைக்கை எடுத்தார். அவள் எழுந்துவிட்டாள்.

“தம்பி, அத கீழ வைங்க. உங்க வாய் தெரியணும் எங்களுக்கு.”

அவருக்கு ஒன்றும் விளங்கவில்லை. போன தடவை நடந்ததை அவள் விளக்கிச் சொன்னாள். மனிதருக்கு முகம் விழுந்துவிட்டது. மைக்கை மேஜையின் அடியிலேயே வைத்துவிட்டார். பேச ஆரம்பிக்கிற நேரம் பார்த்து, வெளியே ஆற்றோரத்தில் புதுப் பாலத்துக்குத் தூண் இறக்கும் இயந்திரம் திடும் திடும் என்று இடிக்கத் தொடங்கியது. கூடமே அதிர்ந்தது. அதிகாரி காதைப் பொத்திக்கொண்டு, இன்னொரு நாள் வைத்துக்கொள்ளலாம் என்பதுபோலக் கையை ஆட்டினார். எதிரே பார்த்தால், இருபத்திரண்டு பேரும் தங்கள் பாட்டுக்குப் பேசிக்கொண்டிருந்தார்கள். யார் முதலில் பேசுவது, எதைக் கேட்பது என்று கூடத்தின் ஒரு கோடியிலிருந்து மறுகோடிக்கு விவாதமே நடந்துகொண்டிருந்தது. நடுவில் ஒரு சிரிப்பு வேறு. அந்த இடத்தில் செவிடாக நின்றது அதிகாரி ஒருவர்தான்.

அப்போது அவள் கணவர் எழுந்தார். ஊர்ப் பொதுவில் அவர் எழுந்து நின்று எத்தனையோ வருடம் ஆகியிருந்தது. எல்லா வாய்களும் மூடிக்கொண்டன. அவள் ஓடிப்போய் அதிகாரியின் பக்கத்தில் நின்று, கண்ணைக் கணவர் மேல் வைத்துக்கொண்டு, அவர் சொல்லச் சொல்ல அதிகாரியின் காதில் உரக்கச் சொல்லத் தொடங்கினாள்.

“வீட்டக் குடுக்கறீங்க, சந்தோஷம்ங்கறாரு. ஆத்த நல்லாக்கினீங்க, கையெடுத்துக் கும்பிடறேங்கறாரு. மாடி வேணாம், கீழ வேணும்னு எதுவும் கேக்க வரலயாம். எங்கள ஒண்ணா வைங்கன்னு இவங்க கேப்பாங்க, எனக்காகத்தான் கேக்கறாங்கன்னு எனக்குத் தெரியும்ங்கறாரு. எனக்காக வேணாம்ங்கறாரு...”

அத்தோடு அவள் நின்றுவிட்டாள். அவர் நிறுத்தவில்லை, உதடுகள் நிதானமாக அசைந்துகொண்டே இருந்தன. கூடத்தில் ஒருத்தி முந்தானையை வாய்க்குக் கொண்டுபோனாள். வெளியே இயந்திரம் ஓய்ந்தது.

“என்னம்மா சொல்றாரு?” என்றார் அதிகாரி.

பாவக்காதான் உட்கார்ந்த இடத்திலிருந்தே சொன்னாள், அந்தக் கசப்பு வாயில் அப்படியொரு குரல் இருந்ததே யாருக்கும் தெரியாது.

“எனக்கு ஒரு ஆளு பேசினா போதும், அவ இருக்காங்கறாரு. நான் முன்னாடி போயிட்டா அவளுக்குப் பேச யாரு இருக்காங்கறாரு. இந்தத் தெரு அவளுக்குத்தான் வேணும், அவளுக்காகக் குடுங்கங்கறாரு, சார்.”

இத்தனை வருடமும் அவரைத் தனியாக விட்டுவிடக்கூடாது என்று அவள் கவலைப்பட்டுக்கொண்டிருந்தாள். அவரோ அந்த நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு இவளுக்காகக் கவலைப்பட்டுக்கொண்டிருந்திருக்கிறார். அந்தக் கடிதத்தைப் படித்தபோதே, தான் போன பிறகு நாலாவது மாடியில் இவள் தனியாக உட்கார்ந்திருப்பதைத்தான் அவர் பார்த்திருக்கிறார். இது அவளுக்கு ஒருநாளும் தோன்றியதில்லை. அழுகை பீறிட்டுக்கொண்டு வந்தது.

அதிகாரி பட்டியலை இழுத்து வைத்து ஒரு கோடு போட்டார். நிமிர்ந்து, மேஜையைச் சுற்றி முன்னால் வந்து, எல்லாருக்கும் முகம் தெரிகிற மாதிரி நின்றுகொண்டு, வாயை நன்றாகத் திறந்து சொன்னார்.

“பன்னிரண்டு வீடும் ஒரே படிக்கட்டு. மூணாவது கட்டடம். நான் எழுதிடறேன்.”

கூடம் கையைத் தூக்கி ஆர்ப்பரித்தது. வெளியே இயந்திரம் மறுபடி இடிக்க ஆரம்பித்திருந்தது. மூன்றாம் வீட்டுக்காரியும் பத்தாம் வீட்டுக்காரியும் கட்டிப்பிடித்துக்கொண்டார்கள்.

தீர்ப்பைப் பார்க்காதவள் அங்கே அவள் ஒருத்திதான். அழுகிற முகத்தை மறைத்துக்கொள்ளத் திரும்பக்கூட அவளால் முடியவில்லை. திரும்பினால் கணவர் அடுத்துச் சொல்வது தெரியாமல் போய்விடும். அவர் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

‘கண்ணத் தொடச்சிக்க,’ என்றன அவர் உதடுகள். ‘இன்னும் நான் சொல்லி முடிக்கல.’

அவள் முந்தானையால் அவசர அவசரமாகக் கண்ணைத் துடைத்துக்கொண்டு அவர் வாயைப் பார்த்தாள்.